ஒன்பது லாரிக்கும் ஒரே பெயர்

பெயிண்டர் பாலசுந்தரம் உப்புத்தாளும் தின்னர் டப்பாவுமாக வந்து லாரி செட்டின் வாசலில் நின்றபோது தங்கசாமி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தால் கை நீண்டுவிடும் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

"ஆரு உன்னைக் கூப்பிட்டது?"

"டிரைவருங்க சொன்னாங்க. பேரை அழிச்சுப்போட்டு வேற எழுதோணும்னு..."

"லாரி ஆருது?"

"உங்களுதுங்க."

"அப்பறம் என்னத்துக்கு டிரைவர் சொன்னான்னு டப்பாவைத் தூக்கிட்டு வாரே? அந்தப் பேருல கைய வெச்சீன்னா, வெச்ச கை உன்றது இல்ல. பாத்துக்க."

பாலசுந்தரம் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்தார். எட்டு லாரிகள் வரிசையாக நின்றன. எட்டின் நெற்றிப் பலகையிலும் ஒரே பெயர், ஷிரின். சிவப்பு எழுத்து, வெள்ளைக் கரை, இடப்பக்கம் ஒரு கிளி, வலப்பக்கம் ஒரு தாமரை. அத்தனையும் அவர் கையால் எழுதியது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் வந்து, மங்கிய இடத்தில் பூச்சு ஏற்றிக் கொடுப்பவரும் அவர்தான். சுரண்ட வந்ததில் அவருக்கும் ஒன்றும் மகிழ்ச்சியில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆணிப் பலகையில் எட்டுச் சாவிகளும் தொங்கின. கந்தப்பனின் காரியம் முடிந்த நாளிலிருந்து எந்த டிரைவரும் அவற்றைத் தொடவில்லை.

கந்தப்பன் அந்தக் கம்பெனியின் மூத்த டிரைவர். போன மாதம் தொப்பூர்க் கணவாயில் மழையில் இறங்கிக்கொண்டிருந்தார். முன்னால் போன கண்டெய்னர் திடீரென நின்றுவிட்டது. கந்தப்பன் ஒடித்துத் திருப்பினார், வண்டி புரண்டது. யார் மீதும் தப்புச் சொல்ல முடியாத விபத்து. கேபின் நசுங்கிப் போனது. நெற்றிப் பலகை மட்டும் ஒரு கீறல்கூட விழாமல் நின்றது.

நாமக்கல் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த லாரி மறுபடி ரோட்டுக்கு வருமுன் அதன் பெயரை அழித்துவிடுவார்கள். பூசணிக்காய் உடைத்து, வேறு பெயர் எழுதி, அப்புறம்தான் சாவியைப் போடுவார்கள். மற்ற முதலாளிகளுக்கு இதில் சிரமமே இல்லை. அவர்கள் ஒரு வண்டிக்குக் குலதெய்வத்தின் பெயரை வைப்பார்கள், ஒன்றுக்கு மகள் பெயரை, ஒன்றுக்குப் பேரன் பெயரை. ஒன்று கெட்டால் அதை மட்டும் அழித்தால் போதும். தங்கசாமி ஒன்பது வண்டிக்கும் ஒரே பெயரை வைத்தவர். "ராசியான பேரு ஒண்ணு கையில இருக்கறப்ப ரெண்டாவது எதுக்கு?" என்று கேட்டவர். நாற்பது வருசம் அது பெருமையாக இருந்தது. இப்போது அதுவே கழுத்தைப் பிடித்தது.

டிரைவர்களில் வயசாளியான காளியப்பன்தான் வந்து பேசினார்.

"அந்த வண்டி பழைய இரும்புக்குப் போயிருச்சுங்க ஐயா. பேரு போகலீங்களே. எட்டு வண்டியிலயும் அதே பேருதான நிக்குது. இனி எதுல ஏறும்னு நாங்க என்னத்தக் கண்டோம்?"

"பேரு ஏறுமாடா? அதென்ன கிளீனரா, ஓடற வண்டியில தொத்திக்கிட்டு ஏர்றதுக்கு?"

வேறு சமயமாக இருந்தால் அவர் சொல்லி முடிக்குமுன்பே சிரித்திருப்பார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. காளியப்பன் தரையைப் பார்த்தபடி, "பொண்டாட்டி புள்ள உட மாட்டேங்கறாங்க சாமி" என்றார்.

தங்கசாமி யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். சேந்தமங்கலம் பக்கத்து மானாவாரிக் காட்டில் கூலிக்குப் போன தாய் தகப்பனுக்குப் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு சரி. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பலகை பிடித்தார், பிறகு கிளீனர், மீசை முளைத்த கையோடு டிரைவர். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு பூனா, சூரத் என்று வருசக்கணக்கில் ஓட்டியவர். பூனாவில் மராத்தி பேசுவார், சூரத்தில் குஜராத்தி பேசுவார், கர்நாடகத்துச் செக்போஸ்டில் கன்னடத்தில் சண்டை போடுவார். பட்டம் வாங்கியவர்கள் மேப்பை விரித்து வைத்துக்கொண்டு முழிக்கிற இடத்தில் இவர் புளியமரத்தைப் பார்த்தே வழி சொல்லுவார். இப்படி ஒரு மனிதனை எந்தக் காலேஜும் செய்து தராது. இன்றைக்கு நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். தன் கையால் கிரீஸ் அடித்து, தன் முதுகால் டயர் தூக்கி மேலே வந்தவர்களை எண்ணினால் அதிகம் தேறாது. அந்தக் கொஞ்சப் பேரில் தங்கசாமி முதல் வரிசை.

அவருடைய முதல் லாரி குஜராத்தில் நவ்சாரியில் கிடைத்தது. ஜவ்வரிசி வாங்குகிற ருஸ்தம் சேட் என்ற பார்சிக்காரர் வீட்டு வேப்பமரத்தடியில் அது நின்றிருந்தது. அடியில் ஆடுகள் படுத்துக் கிடந்தன.

"ஓடுமா சேட்?"

"ஓட்டுகிறவன் கிடைத்தால் ஓடும்" என்றார் சேட்.

பேசி முடித்தாயிற்று. நெற்றிப் பலகையில் குஜராத்தி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. பேசத் தெரிந்தாலும் தங்கசாமிக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. என்ன என்று கேட்டார்.

"ஷிரின். என் மகள் பெயர். கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போய்விட்டாள்."

"அப்படி ஒரு சாமி இருக்கிறதா சேட்? என்ன அர்த்தம்?"

கிழவர் சிரித்தார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். வீட்டம்மா ஒரு தட்டோடு வந்தாள். சேட் தட்டிலிருந்து ஒரு சர்க்கரைக் கட்டியை எடுத்துத் தங்கசாமியின் வாயில் போட்டு, கன்னத்தைத் தட்டி, போய் வா என்றார். வண்டி விற்றால் இப்படிச் செய்வது இந்த ஜனங்களின் முறை போலிருக்கிறது என்று தங்கசாமி நினைத்துக்கொண்டார். கட்டியைக் கடித்து மென்றபடி வண்டியைக் கிளப்பினார்.

ஆடுகளுக்குப் பந்தலாக நின்ற அந்த வண்டி நாமக்கல் வரை ஒரு இடத்திலும் நிற்கவில்லை. டயர்கூட வெடிக்கவில்லை. வந்து சேர்ந்ததும் முதல் வேலையாகப் பெயிண்டரைக் கூப்பிட்டு, குஜராத்தி எழுத்தின் மேலேயே அந்தப் பெயரைத் தமிழில் எழுத வைத்தார். அந்த வண்டி இரண்டாவது வண்டியைக் கொண்டுவந்தது, இரண்டாவது மூன்றாவதை. பழைய வண்டி தேய்ந்து போன பிறகும் அதன் பலகையை மட்டும் கழற்றிப் புது வண்டியில் மாட்டினார்.

ஷிரின் என்றால் என்ன என்று ஊரில் கேட்டார்கள். தெரியாது என்று சொல்லும் பழக்கம் தங்கசாமிக்கு எப்போதும் கிடையாது.

"அவங்க நெருப்பைக் கும்பிடற சனம். அவங்களோட அக்கினி லட்சுமி இது" என்றார்.

வாயில் வந்ததைச் சொன்னார். அடுத்த வருசமே அவரும் அதை நம்பத் தொடங்கிவிட்டார்.

அவருக்கும் மனைவி சௌந்திரத்துக்கும் இரண்டு மகன்கள், மகள் இல்லை. கந்தப்பனுக்கு மகள் பிறந்தபோது அவர் வந்து, "ஐயா, நீங்கதான் பேரு வெக்கோணும்" என்று நின்றார். தங்கசாமி யோசிக்கவே இல்லை. குழந்தையின் நாக்கில் நாலு சர்க்கரைத் துகளைத் தடவி, காதில் மூன்று தரம் ஷிரின் என்று சொன்னார். வேறு இடத்தில் தேன் தொட்டு வைப்பார்கள். அவர் சர்க்கரைதான் வைத்தார். ருஸ்தம் சேட் வீட்டில் பார்த்தது.

பிறகு அடுத்த டிரைவருக்கு மகள் பிறந்தது, அவளும் ஷிரின். அதற்கடுத்ததும் ஷிரின். மோகனூர், பரமத்தி, சேந்தமங்கலம் என்று ஏழு டிரைவர் வீடுகளில் ஏழு பிள்ளைகள். லாரிக்குச் சம்பந்தமில்லாதவர்களும் பெயர் ராசியானது என்று கேள்விப்பட்டு வைத்துக்கொண்டார்கள். பரமத்தி ரோட்டில் ஷிரின் டெய்லர்ஸ் வந்தது, கோழித் தீவனக் கடை ஒன்று வந்தது. ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் தங்கசாமியைக் கல்யாண வீட்டில் பார்த்து, "ஏனுங்க, உங்க லாரியில வேற பேரே எழுத மாட்டீங்களா? அட்டெண்டன்ஸ் எடுத்தா மூணு பேரு எந்திரிக்கறாங்க" என்று கேட்டார்.

தங்கசாமிக்கு அன்றைக்கெல்லாம் கால் தரையில் பாவவில்லை. "கலெக்டர் வருவாரு, மாத்தலாகிப் போயிருவாரு. பேரு வெச்சவன் போக மாட்டான்" என்று வீட்டில் வந்து சொன்னார்.

அந்தப் பெயரைத்தான் இப்போது அழிக்கச் சொல்கிறார்கள்.

மத்தியானம் சோறு போடும்போது சௌந்திரம் மெல்ல ஆரம்பித்தார்.

"பெரியநாயகி வெள்ளிக்கிழமை மோகனூர் போறாளாமா."

பெரியநாயகி கந்தப்பனின் மனைவி.

"எதுக்கு?"

"ஜோசியர் சொல்லியிருக்கறாராம். புள்ளைய ஆத்துல முழுக வெச்சு, போட்ட துணிய அங்கயே உட்டுப்போட்டு, வேற பேரு வெச்சுக் கூட்டியாரதுக்கு. அப்பறம் வக்கீலப் பாத்துச் சர்ட்டிபிகேட்டுலயும் மாத்தறாங்களாமா. ரெண்டு ஊட்ல முன்னமே மாத்திட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா? பரமத்திப் புள்ள இப்ப தனப்பிரியாவாமா."

தங்கசாமியின் கை சோற்றிலேயே நின்றது. மற்றவர்கள் மாற்றினால் மாற்றட்டும். கந்தப்பன் மகள்தான் முதல் ஷிரின். அவளே பெயரை ஆற்றில் விட்டுவிட்டு வந்தால் அப்புறம் எந்த டிரைவர் சாவியை எடுப்பான்? ஊரில் அந்தப் பெயரை யார் வாயால் சொல்லுவார்கள்? கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

"போயித் திட்டிப்போட்டு வந்தராதீங்க. தாலி அறுத்த ஊடு" என்றார் சௌந்திரம்.

"எனக்குப் பேசத் தெரியும்."

வளையப்பட்டியில் பெரியநாயகியின் வீட்டுக்கு அவரே காரை ஓட்டிக்கொண்டு போனார். எழுபது வயசிலும் வேறொருவன் ஓட்டி அவர் உட்கார்ந்ததில்லை. பெரியநாயகி வாங்க என்றாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை. பெண் உள் வாசற்படியில் நின்றாள். நாமக்கல்லில் காலேஜ் முதல் வருசம் படிக்கிறவள். இரண்டு வாரமாகப் போகவில்லை.

"பேரை மாத்தறதாக் கேள்விப்பட்டேன். என்னை ஒரு வார்த்தை கேக்கலீயே நாயகி?"

"கேட்டா வேண்டாம்பீங்க. அதான் கேக்கலீங்க."

"நான் வெச்ச பேரு அது."

"ஆமாங்க, நீங்கதான் வெச்சீங்க. லாரிக்கு வெச்சத என்ற புள்ளைக்கும் வெச்சீங்க. அன்னிக்கு எங்களுக்கும் பெருமைதான். ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத்தான் திரிஞ்சோம். இன்னிக்குக் கடைக்குப் போனா, லாரி பேருக்காரி அப்பனை முழுங்கிட்டாள்னு என்ற காது கேக்கவே பேசறாங்க."

"எவ சொன்னா? ஆளைக் காட்டு. நான் கேக்கறேன்."

"எத்தனை பேரைக் கேப்பீங்க? உங்க வண்டிக்கு எம்புள்ள என்னங்க, வெளம்பரப் பலகையா?"

தங்கசாமிக்குச் சுருக்கென்றது. இந்தத் தொனியில் அவரிடம் பேசியவர்கள் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு பெண்ணைப் பார்த்தார்.

"அம்மிணி, நீ படிச்ச புள்ள. நீயாச்சும் கேளு. அது சாதாரணப் பேரு இல்ல. அக்கினி லட்சுமி பேரு. நெருப்பு மாதிரி, ஒரு தோசமும் அண்டாது."

"இல்லீங்க ஐயா" என்றாள் அவள்.

"நீ சும்மா இரு" என்றாள் தாய்.

"சொல்லட்டும் உடு. என்ன இல்ல?"

"அக்கினி லட்சுமி இல்லீங்க. அது பாரசீகப் பேரு. ஈரான் நாட்டுப் பாசை. இனிப்புன்னு அர்த்தம். பாலுக்கு அவங்க சொல்ற வார்த்தையில இருந்து வந்துச்சுன்னு நெட்டுல போட்டிருந்துச்சு. அந்தக் காலத்துல அங்க ராணி ஒருத்திக்கே இந்தப் பேருதானாம். இன்னிக்கும் ஈரான், துருக்கி, அந்தப் பக்கமெல்லாம் எத்தனையோ புள்ளைங்களுக்கு வெக்கறாங்க. அங்கிருந்து வந்த பார்சிக்காரங்களும் வெக்கறாங்க. எந்தச் சாமி பேரும் இல்லீங்க. இனிப்பு, அவ்வளவுதான்."

தங்கசாமி அவளையே பார்த்தார். யாராவது அவர் சொன்னதை இல்லை என்று சொன்னால் அவருக்குக் குரல் தானாக உயரும். அன்றைக்கு உயரவில்லை. நாக்கின் நடுவில் ஒரு சர்க்கரைக் கட்டி கரைவது போலிருந்தது. என்ன அர்த்தம் என்று கேட்டதற்குக் கிழவர் அன்றைக்கே பதில் சொல்லியிருக்கிறார். அதை இவர் மென்று தின்றுவிட்டு வண்டியைக் கிளப்பியிருக்கிறார். அதன் பிறகு ஏழு குழந்தைகளின் நாக்கில் அதையே தடவியிருக்கிறார், தெரியாமலே.

"கந்தப்பனுக்கு இது தெரியுமா அம்மிணி?"

"ஒம்பதாவது படிக்கறப்பவே சொன்னேனுங்க. அப்பா உழுந்து உழுந்து சிரிச்சாரு. 'இனிப்பா? ஐயாகிட்டச் சொல்லித் தொலைச்சறாத கண்ணு, அவரு அக்கினின்னு ஊரு பூராச் சொல்லி வெச்சிருக்கறாரு, மனசு சங்கடப்படுவாரு'ன்னாரு. அப்பறம் லோடு இறக்கிட்டு வாரப்பெல்லாம் 'எங்க என்ற இனிப்பு'ன்னுதான் கூப்பிடுவாரு."

பெரியநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முந்தானை வாய்க்குப் போனது.

தங்கசாமிக்கு ஒரு பிடி கிடைத்த மாதிரி இருந்தது. விட மனசு வரவில்லை.

"அப்ப நல்ல பேருதானே அம்மிணி? உங்கப்பன் ஆசையாக் கூப்பிட்ட பேரு. அதைப் போயி ஆத்துல உடலாமா?"

அவள் உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தாள். ஒரு படத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் பார்த்த படம்தான். அந்த வட்டாரத்தில் அதைப் பார்க்காத போன் கிடையாது. மழையில் ஒருக்களித்துக் கிடக்கும் லாரி, நசுங்கிய கேபின், அதன் மேல் பளிச்சென்று சிவப்பெழுத்து.

"இதுல எங்கப்பாவத் தேடித் தேடிப் பார்த்தேனுங்க. அவரு தெரியல. நான்தான் தெரியறேன்."

தங்கசாமி போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு இந்தப் பேரு புடிக்குமுங்க ஐயா. ஊரு பேசறது பேசட்டும், காதை மூடிக்கலாம். ரோட்டுல நிக்கறப்ப என்ன பண்றது? பஸ்சுக்கு நிப்பேன், உங்க வண்டி வரும். முன்னாடி என்ற பேரு. தாண்டிப் போனா பின்னாடியும் என்ற பேரு. இன்னிக்கு நிக்கற எட்டும் நாளைக்கு ஓடும். எட்டுலயும் நான் இருப்பேன். எங்கப்பாவக் கொன்னதுலயும் நான்தான இருந்தேன்?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பார். அதற்கும் வழியில்லாமல் எழுந்தார். "வாரேன்" என்று மட்டும் சொன்னார். வெளியே காரின் பின் கண்ணாடியில் அதே பெயர் ஒட்டியிருந்தது. இத்தனை நாள் கண்ணில் படாதது இப்போது பட்டது. வீட்டுக்கு வந்தால் கேட்டில் ஷிரின் இல்லம்.

சாயங்காலம் முழுக்க அவர் செட்டுக்குப் போகவில்லை. சௌந்திரம் பூ கட்டிக்கொண்டிருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பேரு போச்சுன்னா எனக்கு என்ன மிஞ்சும் சௌந்திரம்?"

"எட்டு லாரி மிஞ்சும். நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கறேன், கண்ணுக்குத் தெரியலீங்களா?"

"வெளையாடாத. நாமக்கல்லுல தங்கசாமின்னா எந்தத் தங்கசாமிம்பான். ஷிரின் தங்கசாமின்னா டீக்கடைக்காரன் எந்திரிச்சு நிப்பான். மூணாங்கிளாசுப் பய சம்பாதிச்சது அது. லாரிய எவன் வேணாலும் வாங்கலாம்."

சௌந்திரம் நாரை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"சம்பாதிச்சது நீங்கதானுங்க. செமக்கறது அந்தப் புள்ளதானுங்களே."



மறுநாள் காலையில் பாலசுந்தரத்துக்குப் போன் போனது. அவர் நம்பாமல் இரண்டு தரம் கேட்டுவிட்டு வந்தார். டிரைவர்களும் வந்து நின்றார்கள். காளியப்பன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. தங்கசாமிக்கு அது பொறுக்கவில்லை.

"உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்கடா. பயந்த பசங்களுக்காக நான் ஒரு எழுத்தைக்கூட அழிக்க மாட்டேன்."

"அப்பறம் எதுக்குங்க?"

"ஒரு பேர ரெண்டு பேரு வெச்சிருக்க முடியாது. லாரி உட்டுக் குடுக்குது."

காளியப்பனுக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டினார்.

பழைய பலகை மாட்டியிருந்த வண்டியில் தங்கசாமியே ஏறினார். வேண்டாமுங்க என்று நாலு பேர் தடுத்தும் கேட்கவில்லை. வருசா வருசம் ஏற்றிய பூச்சு தடித்துப் போயிருந்தது. தின்னர் ஊற்றிச் சுரண்டச் சுரண்டச் சிவப்பு வந்துகொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் அடியிலிருந்து வேறு எழுத்து எட்டிப் பார்த்தது. வளைந்த குஜராத்தி எழுத்து. கை நின்றது.

"இதையாச்சும் உட்டரலாமுங்களா?" என்றார் கீழே நின்ற பாலசுந்தரம். "இங்க ஆருக்குப் படிக்கத் தெரியப் போகுது?"

சேட்டின் மகள் எந்தக் கடலுக்கு அப்பால் இருக்கிறாளோ. இருந்தால் பேரன் பேத்தி எடுத்திருப்பாள். அவளுக்கும் இந்த லாரி வேண்டாம்.

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, உப்புத்தாளை மடித்து அதையும் தேய்த்தார்.

"புதுப் பேரு என்னங்க எழுதட்டும்?"

"ஒண்ணும் வேண்டாம். வெள்ளை அடி."

"நம்மூர்ல பேரில்லாத லாரியுங்களா? மொட்டத் தலையாட்டம் இருக்குமே. கிளியையும் தாமரையையும் என்ன பண்றது?"

"அதுங்க என்னடா பண்ணுச்சு? இருந்துட்டுப் போகட்டும்."

வியாழக்கிழமை அந்த லாரியை அவரே எடுத்தார். சேலத்துக்கு ஜவ்வரிசி ஏற்றப் போகிற வண்டி. காளியப்பன் சாவியை நீட்டியபோது, "வளையப்பட்டி போயித் திரும்பற வரைக்கும் நான் ஓட்டறேன். நீ பக்கத்துல உக்காரு" என்றார். வீட்டு முன்னால் நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.

சத்தம் கேட்டுப் பெரியநாயகி வெளியே வந்தாள். முதலில் அவரைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து லாரியைப் பார்த்தாள். கிளி இந்தப் பக்கம், தாமரை அந்தப் பக்கம், நடுவில் காயாத வெள்ளை. சுற்றிப் பின்பக்கம் போய் அங்கேயும் பார்த்தாள். திரும்பி வர நேரமாயிற்று. அவர் நின்றபடியே இருந்தார்.

"எட்டுலயுங்களா?"

"எட்டுலயும். காருலயும். ஊட்டுக் கேட்டுல கொத்தனார் வந்து கொத்தீட்டிருக்கறான்."

பெரியநாயகி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஷிரின், ஐயாவுக்குத் தண்ணி கொண்டா."

பெண் சொம்போடு வந்தாள். வாசலைத் தாண்டியதும் அவள் கண் மேலே போனது. அங்கேயே நின்றது. சொம்பை நீட்ட மறந்துவிட்டாள். அவரே கை நீட்டி வாங்கிக் குடித்தார்.

"நாளைக்கு மோகனூர் போறீங்களா நாயகி?"

"போவோணுமுங்க. அவங்கப்பனுக்கு ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்தர்றோம். அவ்வளவுதான்."

அவர் தலையசைத்தார். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. பெண்தான் கேட்டாள்.

"இனி வண்டிக்கு என்ன பேருங்க ஐயா?"

எதைக் கேட்டாலும் உடனே ஒன்று சொல்லிவிடும் மனிதர். நிமிர்ந்து வெள்ளைப் பலகையைப் பார்த்தார்.

"தெரியல அம்மிணி. நம்பர் இருக்குதல்ல, அது போதும்."

மறுபடி ஏறி வண்டியைக் கிளப்பினார். வளையப்பட்டிப் பிரிவில் அவர் எப்போதும் வேகம் குறைப்பார். அங்கே உள்ள டீக்கடைக்காரர் அவர் வண்டியைத் தூரத்தில் கண்டதுமே கையைத் தூக்குவார், கடையில் இருப்பவர்களும் எழுவார்கள். அன்றைக்கும் குறைத்தார். யாரும் எழவில்லை. டீக்கடைக்காரர் நெற்றிக்குக் கை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, ஜன்னலில் யார் என்று சரியாகத் தெரியாமல், சத்தமாகக் கேட்டார்.

"ஏனுங்க, ஆரு வண்டிங்க இது?"

நாற்பது வருசத்தில் நாமக்கல் சீமையில் இந்தக் கேள்வியை அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. காளியப்பன் வெடுக்கென்று தலையை நீட்டிப் பதில் சொல்லப் போனார். தங்கசாமி அவர் தொடையில் கை வைத்து அமர்த்தினார்.

"சேலத்துக்குப் போற வண்டி" என்று சொல்லிவிட்டுக் கியரை மாற்றினார்.